அழுக்குக்கு வயது பார்ப்பவள்

மோதிரத்தைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மொனிகா பழைய துவக்கின் குழல் வாயில் மூக்கை வைக்கிறாள். பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன் வாங்கும்போதும் இதே மாதிரித்தான். செவுளைத் தூக்கிப் பார்க்கும் முன்பே மணந்துவிடுவாள். செவுளுக்குச் சிவப்புப் பூசலாம், ஐசில் கிடத்திக் கண்ணைப் பளபளக்க வைக்கலாம், ஆனால் மணத்தை எவராலும் பூசி மெழுக முடியாது என்பது அவளுடைய கட்சி. அவளைத் தூரத்தில் கண்டதுமே மீன்காரன் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்து, டாக்டரம்மா வருகிறா, நேற்றைய மீனை ஒளி என்று கத்துவான். அதில் பாதி பகிடி, பாதி உண்மையான பயம்.

இருநூறு வருடத்துத் துவக்கு என்ன மணம் மணக்க வேண்டும் என்று கேட்டால், ஒரு மணமும் மணக்கக் கூடாது என்பாள். வினாகிரி மணம் வந்தால் துருவை அவசரத்துக்கு வரவழைத்திருக்கிறார்கள். தேயிலை மணம் வந்தால் மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். மெழுகு மணம் வந்தால் ஏதோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். "மணம் போறதுக்குத்தான் வயசு வேணும். மற்றதெல்லாம் ஒரு கிழமையில செய்யலாம்."

மொனிகாவுக்கு ஐம்பத்தொரு வயது. மன்னார் பேசாலைக்காரி. அல்பெர்கேரியாவில் ஒரு ஒடுங்கிய சந்தில் நாலாம் மாடியில் குடியிருக்கிறாள். காலையில் அங்கிருந்து நடந்தே பணக்காரர் தெருவான லிபெர்த்தாவுக்குப் போவாள். பஸ் இருக்கிறது, ஏறமாட்டாள். பஸ் வருமட்டும் நிற்கிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து கோப்பியும் வைத்துவிடலாம் என்று சொல்லுவாள். சும்மா சொல்லக் கூடாது, அது சரிதான்.

லிபெர்த்தாவில் பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டு வேலை. வீட்டுக்காரர் ஸ்கலீசி என்ற பழைய வக்கீல். வக்கீலை அங்கே அவ்வொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அப்படியே கூப்பிடுவாள். எழுபத்தொன்பது வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவருக்கு இருக்கிறதெல்லாம் துவக்குகள். மருந்தும் குண்டும் கண்டு நூறு வருடத்துக்கு மேலான, தீக்கல் உரசி வெடிக்கிற காலத்துத் துவக்குகள். மிலானிலும் புளோரன்சிலும் ஏலம் நடக்கும்போது காதில் போனை வைத்துக்கொண்டு கேட்டு வாங்குவார். பெட்டி வந்து சேரும். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு திறப்பார். திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வேறு ஒருவரையும் கூப்பிடமாட்டார். குசினிப் பக்கம் திரும்பி, மொனிகா என்பார்.

வீடு துடைக்கிறவளுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்குத் துவக்கைத் தெரியாது. அழுக்கைத் தெரியும். கதவுப் பிடியில் இருப்பது போன கிழமை அழுக்கா, போன வருடத்து அழுக்கா, வீட்டுக்காரரின் தாய் காலத்து அழுக்கா என்று விரலை வைத்தே சொல்லுவாள். அழுக்கு தன் இடத்தைத் தானே தெரிந்துகொண்டு போய் இருக்கும், மூலையில் தடிக்கும், கை படுகிற இடத்தில் மெலியும் என்பது அவள் கண்டுபிடிப்பு. "எல்லா இடமும் சமனாய் அழுக்கு இருந்தால் அது ஆரோ பூசினது. அழுக்கு ஒரு நாளும் நீதி நியாயம் பாக்காது."

ஏப்ரன் பைக்குள் ஒரு மிட்டாய்த் தகரம் வைத்திருக்கிறாள். உள்ளே ஒரு சின்ன ரோர்ச் லைற், பழைய பனியன் துண்டு ஒன்று, விளக்குமாற்று ஈர்க்கு இரண்டு. ஈர்க்கு எதற்கு என்றால், துவக்குக் கட்டையில் புழு அரித்த ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்பதற்கு. புழு வளைந்து வளைந்து போகும். ஈர்க்கு நேராக உள்ளே இறங்கிவிட்டால் அந்த ஓட்டையைத் துளை போடுகிற மெசினால் போட்டிருக்கிறார்கள். இந்த ஈர்க்கால் ஒரு தடவை ஒரு நீளத் துவக்கையே பொய்யென்று திருப்பி அனுப்பினார்கள். அதை விற்றவர் தன் ஓட்டைகளுக்காக நெடுநேரம் போனில் வாதாடினாராம். மொனிகா கேட்டது ஒரே கேள்வி. "புழு என்ன, அடிமட்டம் வைச்சோ திண்டது?"

இந்த வித்தை அவளுக்கு எப்படி வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழப்புளியால் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். பேசாலையில் பெருநாளுக்கு முதல் கிழமை கோயில் குத்துவிளக்குகளைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி வளர்ந்த கை. அலுமாரியில் ஒரு கைத்துவக்கு, பித்தளைப் பூணெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. இவ்வளவு பெரிய மனிதர் வீட்டில் இப்படி ஒரு ஊத்தையா என்று அவளுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. பல்லரோவில் வங்காளிக் கடையில் புளி வாங்கி, ஊறவைத்து, ஒரு தேய்த்தல் தேய்த்தாள். ஒரே தேய்ப்பில் அத்தனை கறுப்பும் கழன்று துணியோடு வந்துவிட்டது. அவ்வொக்காத்தோ வந்து பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அவளோ பயப்படாமல், கறுத்த துணியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, பழைய ஊத்தை இவ்வளவு லேசில் வராது, இது ஆரோ பூசியது என்று தன் அரைகுறை இத்தாலியனில் சொன்னாள். ஆராய்ந்து பார்த்தால் துவக்கு முப்பது வருடத்துச் சாமான். அவர் எழுந்து அவள் கையைக் குலுக்கினார்.

அவள் விட்ட பிழை அது அல்ல, அடுத்தது. கை குலுக்கிய உற்சாகத்தில், கேட்காமலே, பக்கத்தில் இருந்த அடுத்த கைத்துவக்கையும் எடுத்து மினுக்கத் தொடங்கினாள். இதில் கறுப்பு லேசில் போகவில்லை. போகாதபோதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் மொனிகா ஊத்தையோடு தோற்றுப் பழகியவள் அல்ல. அரை மணித்தியாலம் நின்று தேய்த்து, இருநூற்று இருபது வருடம் தானாக ஏறிய நிறத்தை மாப்பிளை மோதிரம் மாதிரி மஞ்சளாக்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அது உண்மையான துவக்கு. அதற்கு நிபுணர் கையெழுத்து வைத்த பத்திரம்கூட இருந்தது. நிறத்தோடு மதிப்பும் போய்விட்டது.

மூன்று நாள் அவர் அந்தப் பத்திரத்தை எடுத்து எடுத்து வாசித்தார். நாலாம் நாள் ஒரு சட்டம் போட்டார். இனி வருகிற எதையும் நீ முதலில் பார்க்கலாம், மணக்கலாம், நகத்தால் தடவலாம். துடைக்கக் கூடாது. துணியோடு துவக்குக்குக் கிட்டப் போனால் அன்றோடு வேலை முடிந்தது. கெட்டுப்போன கைத்துவக்கைக் குசினி நடையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பன்னிரண்டு வருடமாக, பாத்திரத்தோடு போகும்போதும் வரும்போதும், அந்த மஞ்சள் பித்தளை அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அந்தப் பார்வைக்குப் போன வெள்ளிக்கிழமைதான் வேலை வந்தது.

மொனிகா தமையனின் மகளின் கலியாணத்துக்கு ஊருக்குப் போய் மூன்று கிழமை நின்று, வியாழக்கிழமை இரவுதான் திரும்பி வந்திருந்தாள். அந்த இடைவெளியில் ஏலத்திலிருந்து ஒரு நீளத் துவக்கு வந்து சேர்ந்திருந்தது. பித்தளைப் பூண் போட்ட வேட்டைத் துவக்கு. விசைப் பூட்டில் செய்த கொல்லனின் பெயர் பாதி அழிந்து கிடந்தாலும், பலெர்மோ என்ற ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தது. தான் பிறந்த ஊரில் அடித்த துவக்கு ஒன்று கையில் கிடைக்க வேண்டும் என்று அவ்வொக்காத்தோ நாற்பது வருடமாகத் தேடியவர். ஆனால் ஏலக்காரரின் நிபந்தனை ஒன்று உண்டு. பொய்ச் சாமான் என்றால் நிபுணர் கடிதத்தோடு இருபத்தொரு நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டாம் நாள் பொய்யோ மெய்யோ அது வாங்கியவர் தலையில். வெள்ளிக்கிழமை இருபத்தோராம் நாள். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை எடுக்கக் கூரியர்காரன் வரப்போகிறான்.

பதினொரு மணிக்கு மொனிகா மீன் பையோடு உள்ளே வருகிறாள். மேசையில் பெட்டி திறந்தபடி. ஒரு பக்கம் அவ்வொக்காத்தோ, சவரம் செய்யாத முகம். மறுபக்கம் நிபுணர், எல்லோரும் தொத்தோரே என்று அழைக்கிற மெலிந்த மனிதர், நல்ல படிப்பாளி, கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியோடு. அவருடைய கடிதம் தயார். இரண்டு காரணம் எழுதியிருந்தார். பித்தளையில் வயதின் நிறம் துளியும் இல்லை. அதில் வெட்டிய சித்திரம், வேட்டை நாய்களும் மானும், முனை மழுங்கி இருக்கிறது, ஆகவே உளியால் வெட்டியது அல்ல, அச்சில் வார்த்தது. வாசலில் மொனிகாவின் புருசன் பவுல் ஒட்டுகிற ரேப்போடு நிற்கிறான். அவன் அதே கட்டிடத்தில் வாசல் காவல். பெட்டி கட்ட உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

மூடிவிடு மொனிகா என்றார் அவ்வொக்காத்தோ. மூடியில் கை வைத்தவள் மூடவில்லை. மோதிரத்தைக் கழற்றினாள்.

மணந்தாள். ஒரு மணமும் இல்லை. ரோர்ச்சை அடித்து, குனிந்து, தோளில் ஊன்றுகிற அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டை இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். மயிரிலும் மெல்லிய கீறல்கள் ஆயிரம், எல்லாம் ஒரே பக்கம் வளைந்து கிடந்தன. வெறும் காற்றில் வலக்கையால் துடைக்கிற மாதிரி வீசிப் பார்த்தாள். இல்லையென்று தலையாட்டினாள். இடக்கையால் வீசிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஓடி வெளித்ததைப் பவுல் கண்டுவிட்டான். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம், அந்த முகம் அவனுக்குத் தெரியும், அது வந்தால் ஏதாவது ஒன்று உடையும்.

"இஞ்சேர், வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியை மூடு" என்றான் தமிழில், இத்தாலியருக்குச் சிரித்த முகத்தைக் காட்டிக்கொண்டே. "அடுத்த மாசம் நீ இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும். இந்த மனிசன் வேலைக் கடுதாசி தராட்டில் நீ கப்பலேறலாம்."

"நீங்கள் உங்கடை ரேப்பைப் பிடியுங்கோ. இது பொம்பிளையள் மினுக்கின துவக்கு. மினுக்கி மினுக்கித் தேஞ்சது. இதைப்போய்ப் பொய் எண்டு அனுப்பினால் ஆர் பாவத்தைச் சுமக்கிறது?"

பிறகு அவ்வொக்காத்தோவிடம் திரும்பினாள். அவளுடைய இத்தாலியன், சந்தையில் படித்தது, அதில் நேற்றும் இல்லை நாளையும் இல்லை, எல்லாம் இன்றைக்கே நடக்கும். அனுப்ப வேண்டாம், இது உண்மை, இது நம்முடைய பலெர்மோ என்றாள். தொத்தோரே கோபிக்கவில்லை, மரியாதையாகவே சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது. வீட்டுத் திறப்பைச் சாவிக் கோர்வையிலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். பொய்யென்றால் திங்கட்கிழமை தான் வருவதில்லை, இதோ திறப்பு என்று சொல்லிவிட்டாள். பவுல் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வொக்காத்தோ மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று இருபது.

ஓட்டமாய்ப் போய்க் குசினி நடையில் தொங்கிய கைத்துவக்கை ஆணியோடு பிடுங்காத குறையாக எடுத்து வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்தாள். அதே மஞ்சள். அக்காவும் தங்கையும் மாதிரி ஒரே மஞ்சள். இதற்கு வயது இருநூற்று இருபது என்று பத்திரத்தில் கையெழுத்து வைத்தது தாங்கள்தானே தொத்தோரே, இப்போது இதன் நிறம் எங்கே போனது என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல முதலே தன் நெஞ்சில் தட்டி, நான் சாப்பிட்டேன் என்றாள். அவ்வொக்காத்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கைத்துவக்கைப் பார்த்து அவர் சிரித்தது பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான்.

நிறம் போகட்டும், சித்திரம் எப்படி மழுங்கியது, உன் புளி உளிவெட்டையுமா தின்னும் என்று கேட்டார் நிபுணர். நல்ல கேள்விதான். மொனிகா அவரைக் கையுறையைக் கழற்றச் சொன்னாள். அவர் சுட்டுவிரலைப் பிடித்து, பிள்ளைக்கு அரிவரி எழுதப் பழக்குகிற மாதிரி, விசையைச் சுற்றி வளைந்த பித்தளை வளையத்தின் வெளிப்பக்கத்தில் வைத்தாள். அங்கே ஒரு நாய் ஓடுகிறது, காது இல்லை, கண் இல்லை, வழவழவென்று சவர்க்காரக் கட்டி போல ஒரு நாய். பிறகு அந்த விரலை வளையம் மரத்தோடு ஒட்டுகிற இடுக்குக்குள், துணி போகாத இடத்துக்குள், செருகினாள். அங்கேயும் ஒரு நாய். தொத்தோரே சட்டென்று விரலை இழுத்துப் பார்த்தார், கடித்துவிட்ட மாதிரி. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அந்த நாய்க்குக் காது இருந்தது, கழுத்துப் பட்டி இருந்தது, பல்லும் இருந்தது.

"அச்சில வாத்த நாயெண்டால் ரெண்டு பக்கமும் செவிடாயெல்லோ இருக்க வேணும்" என்றாள் பவுலிடம். அவனும் தன்னை மறந்து, "ஓம், அதும் சரிதான்" என்றுவிட்டான்.

அப்போது வாசல் மணி அடித்தது. கூரியர்காரன், கால் மணி முந்தியே வந்துவிட்டான். மொனிகா பவுலைப் பார்த்த பார்வையில் அவன் ரேப்பை வைத்துவிட்டுக் கீழே இறங்கினான். வந்தவனைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், பலெர்மோ உதைபந்தாட்ட அணியின் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டு, இருபது நிமிடம் பிடித்து வைத்தான் என்பது பிறகு தெரிந்த கதை. பெண்சாதி மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அவன் அப்படிப்பட்டவன்.

மேலே தொத்தோரே அடிக்கட்டைத் தகட்டைத் திறந்து பார்க்காமல் ஒன்றும் எழுதமாட்டேன் என்று நின்றார். உள்ளுக்குப் புதுப் பித்தளை இருந்தால் கடிதம் போகும். திருகாணி கழற்றுகிற திருப்புளி வழுக்கி ஒரு கீறல் விழுந்தால், பொய்யானாலும் ஏலக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்கள். அவ்வொக்காத்தோ திருப்புளியை அவர் பக்கம் தள்ளிவைத்தார். நீங்களே திறவுங்கள் என்றார். இரண்டு திருகாணி. முதலாவது முக்கி முனகிச் சுழன்றது. இரண்டாவது அசையவே இல்லை. மொனிகா கழுத்துச் செபமாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கிறீச் என்று அதுவும் வந்தது. தகட்டைத் தூக்கினார்கள்.

உள்பக்கம் அடுப்புக்கல் மாதிரிக் கறுப்பு, அதற்குள் பச்சை. மரத்தில் அதே தகட்டின் நிழல், பச்சை குத்தியது போல. ஓரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு போல இறுகி, தட்டுத் தட்டாக. துலக்குகிற மாவு இடுக்கில் தங்கித் தங்கி இறுகியது. மொனிகா அதைத் தொடவில்லை, விரலை நீட்டி மட்டும் காட்டினாள். தன் வீட்டுப் பெண்களைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள். ஏதோ ஒரு பெரிய வீட்டுச் சுவரில் இந்தத் துவக்கு தொங்கியிருக்கிறது, பெருநாளுக்குப் பெருநாள் இதை இறக்கி எவளோ ஒருத்தி தேய்த்திருக்கிறாள், அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. "கடைசியா மினுக்கினவள் இடக்கைக்காறி. கீறல் எல்லாம் அந்தப் பக்கம்தான் வளையுது." இதை யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. பவுலும் அங்கே இல்லை, அவள் சொன்னதோ தமிழில்.

தகட்டைத் திரும்பப் பூட்டும்போது தொத்தோரே அவசரத்தில் திருகாணிகளை மாற்றிப் போட்டார். இறங்கவில்லை. மாற்றிப் பிடித்துப் பார்த்தார். மெசினில் வெட்டிய திருகாணி என்றால் எதுவும் எதற்கும் பொருந்தும். இவை கையால், அரத்தால் வெட்டியவை, ஒன்றின் புரி மற்றதுக்குச் சேராது. ஒவ்வொன்றையும் அதன் அதன் துளைக்குள் விட்டபோது வெண்ணெய் போல இறங்கின. அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு அந்தப் படித்த மனிதர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, துவக்கின் வாயில் மூக்கை வைத்து ஒரு தடவை மணந்தார்.

கூரியர்காரன் கோப்பி மணத்தோடு மேலே வந்தபோது அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அவ்வொக்காத்தோ மேசையில் கிடந்த திறப்பை ஒரு விரலால் மெல்ல மெல்லத் தள்ளி, மேசையின் விளிம்புவரை, அவள் பக்கம் கொண்டுவந்து விட்டார். அவள் எடுத்துக் கோர்வையில் போட்டாள். மீன் பை ஞாபகம் வந்து குசினிக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் கண்டாள். இத்தனை பேர் கை பட்டதில், தகட்டின் நட்டநடுவில், ஒரு பெருவிரல் அடையாளம் ஈரமாய்ப் பதிந்து கிடந்தது. அவள் கை தானாக ஏப்ரன் நுனியைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. அவ்வொக்காத்தோ அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தெருவில் ஏதோ இருக்கிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மொனிகா ஏப்ரன் நுனியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, அந்தக் கீறல்கள் வளைந்த பக்கமாகவே ஒரு தரம் துடைத்தாள்.